ஏழு கிலோமீட்டர்

உளுந்தூர்பேட்டையில் சிறப்புக் காவல் படையின் பத்தாவது பட்டாலியன் இருக்கிறது. அங்கே போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகும் பையன்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடம்: 1500 மீட்டர், 7 நிமிடம். பெங்களூரில் அதே ஏழுக்கு வேறு கணக்கு. அரிய நோய்களுக்கான ஓ.ஆர்.டி.ஐ. அமைப்பு 2016 முதல் 'ரேஸ் ஃபார் செவன்' நடத்துகிறது. தூரம் 7 கிலோமீட்டர். ஏன் ஏழு? உலகில் அரிய நோய்கள் சுமார் 7,000. இன்ன நோய் என்று கண்டுபிடிக்கவே சராசரியாக 7 வருடம்!

அந்த ஏழு வருடத்தை நினைத்துப் பாருங்கள். நாலு மாதமாகியும் குழந்தைக்குத் தலை நிற்கவில்லை. "போகப்போக சரியாகிடும், இவங்க அப்பனும் லேட்டாத்தான் நடந்தான்" என்பார் பாட்டி. ஒவ்வொரு டாக்டராகப் பார்ப்பதற்குள் தசை தளர்ந்துவிடும். இப்படித் தசை தளரும் முதுகுத்தண்டுத் தசைச்சிதைவு நோய்க்கு ஒரே முறை போடும் ஊசி ஒன்று இருக்கிறது. விலை சுமார் 16 கோடி ரூபாய். நோயாளிகள் குறைவு என்பதால் கம்பெனிகள் ஆராய்ச்சியில் பணம் போடத் தயங்குகின்றன. அதனால்தான் பெற்றோரே ஓடி நிதி திரட்டுகிறார்கள். அது அவர்கள் வேலையே இல்லை என்பேன்.

2021-இன் தேசிய அரிய நோய்க் கொள்கைப்படி, அரசு தேர்ந்தெடுத்த சிறப்பு மையங்களில் இப்போது 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். பிப்ரவரி கடைசி நாள், அரிய நோய் தினம். ஓடுகிறவர்கள் ஓடுங்கள், பணம் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். குழந்தைக்குத் தலை நிற்கவில்லையென்றால் பாட்டி சொல்வதோடு விடாதீர்கள், உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.