பூப்போட்டுப் பார்க்கிற நேரம்

வயதான அப்பாவுக்கு ஆபரேஷன் செய்யலாமா, வேண்டாமா? பிள்ளைகள் நாலு பேர், நாலு அபிப்பிராயம். டாக்டரோ, "நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார். இந்த மாதிரி நேரத்தில்தான் நம் ஊர்களில் சாமி முன்னால் பூப்போட்டுப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் செய்யலாம். விவரம் தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள்.

காங்கேயம் பக்கம் சிவன்மலை முருகன் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. முருகன் ஒரு பக்தரின் கனவில் வந்து சொல்கிற பொருளை அதில் வைப்பார்கள். ஆனால், கனவு கண்டேன் என்றதும் வைத்துவிட மாட்டார்கள். பூப்போட்டுக் கேட்டு, சம்மதம் கிடைத்த பிறகுதான். சாமி சொன்னதையே சாமியிடம் சரிபார்க்கிற நிதானம்!

வீட்டிலும் அது வேண்டும். டாக்டரிடம் கேட்க வேண்டியதை டாக்டரிடம் கேட்டு, அப்பாவிடமும் ஒரு வார்த்தை கேட்டு (பல வீடுகளில் மறந்துபோவது இதுதான்), அப்புறமும் எந்தப் பக்கம் போனாலும் வலிக்கும் என்றால் பூக் கேட்கலாம். நாளைக்கு எது நடந்தாலும், "உன்னால்தான் அப்பா போனார்" என்று அண்ணனைத் தங்கை குறை சொல்ல முடியாது. எல்லோரும் சேர்ந்து நின்று கேட்ட உத்தரவல்லவா?