கதவைத் திறந்து கற்பித்தல்



நாதஸ்வர வித்துவான் வாசிக்கும்போது, பக்கத்திலே நின்று ஊதும் சீடன் அவருடைய விரலையும் மூச்சையும் பார்த்தே தொழிலைப் பழகுகிறான். சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியருக்கு அருகே வேறு வைத்தியர்கள் நிற்கிறார்கள். ஆசிரியர் ஒருவரோ பயிற்சிக் கலாசாலையை விட்டு வந்த நாள் முதல் முப்பது வருடம் தனிமையிலே கற்பித்து, இளைப்பாறும் நாளில் மாலையும் வாழ்த்துமடலும் பெற்றுச் செல்கிறார். அவர் கற்பித்ததை அடுத்த வகுப்பு ஆசிரியர்தானும் கண்டதில்லை. அவருடைய சாதுரியமெல்லாம் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. நட்டம் அவருக்கன்று, பின்னால் வரும் பிள்ளைகளுக்கே.

நம்மவர் கதவைச் சாத்தியதற்குக் காரணம் இல்லாமலில்லை. பிள்ளைகள் பரீட்சையில் சித்தியடைந்த அளவுக்கே பாடசாலைக்குப் பணம் என்னும் முறை இங்கிலாந்தில் 1862 இல் ஏற்பட்டது. இலங்கையில் 1869 இல் பொதுப்போதனைத் திணைக்களம் அமைந்தபின் அது இங்கும் வந்தது. வித்தியாதரிசி வரும் நாள் பாடசாலையின் வருமானம் நிர்ணயமாகும் நாளாயிற்று. அம்முறை ஒழிந்து நெடுங்காலமாயினும், வகுப்பின் பின்வாங்கில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் குற்றங்காணவே வந்தார் என்னும் அச்சம் இன்னும் ஒழியவில்லை.

இதற்குப் பரிகாரமாக நாம் கண்டது ஒருநாட் கருத்தரங்கு. அதிலே தேநீர் நன்றாயிருக்கும். வேறு நன்மையும் சிறிது உண்டு. ஆனால் கேட்டதும், பிறர் செய்துகாட்டக் கண்டதும் மாத்திரம் வகுப்பறைக்குள் சென்று நிலைப்பது அரிது என்றும், தம் வகுப்பிலே செய்து பார்த்து, கூட ஒருவர் இருந்து ஆராய்ந்து உதவினால் நிலைக்கும் என்றும் ஜோய்ஸ், ஷவர்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1980 களிலேயே எடுத்துக்காட்டினர்.

நிற்க. யப்பானியர் செய்வதைச் சற்றே விரித்துச் சொல்ல விரும்புகிறேன். அங்கே ‘பாட ஆராய்ச்சி’ என்றொரு வழக்கம் உண்டு. அதன் வேர் 1870 களில் ஏற்பட்ட ஆசிரியப் பயிற்சிக் கலாசாலைகள் வரை செல்கிறது. ஒரு பாடசாலை ஆசிரியர் சிலர் கூடி, ஒரேயொரு பாடத்தைப் பல நாள் ஆலோசித்து ஆயத்தஞ் செய்கிறார்கள். ஒருவர் அதை நடத்த, ஏனையோர் சுவரோரமாக நின்று, பிள்ளைகள் சொல்வதையும் செய்வதையும் குறித்துக்கொள்கிறார்கள். பார்ப்பவர் எந்தப் பிள்ளைக்கும் விடை சொல்லிக் கொடுக்கலாகாது.

சிறுவர்க்குக் கழித்தல் கற்பிக்கும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். எந்த எண்களோடு தொடங்குவது என்பதே பெரிய விவாதம்! 12 இலே 3 போக என்றால், பிள்ளை பின்னோக்கி விரல்விட்டு எண்ணி 9 என்று சொல்லிவிடும்; புதுவழி தேட அவசியமில்லை. 13 இலே 9 போக என்றாலோ எண்ணுவது நீளும். ஒரு சிரட்டையிற் பத்துப் புளியங்கொட்டையும் வெளியே மூன்றும் இருந்தால், சிரட்டையிலிருந்து 9 ஐ எடுத்து, மிஞ்சிய ஒன்றை மூன்றோடு கூட்டலாம் என்பது பிள்ளைக்குத் தானாகவே தோன்ற இடமுண்டு. இரண்டு எண்களைத் தெரிவதிலே இவ்வளவு இருக்கிறது என்பதைத் தனியே இருக்கும் ஆசிரியருக்கு யார் சொல்வார்?

பாடம் முடிந்தபின் கூட்டம். நடத்தியவரே முதலிற் பேசுவார். “நீங்கள் பிழை விட்டீர்கள்” என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. பாடம் எல்லாருக்கும் பொதுவானது. “கடைசி வாங்கிலிருந்த பிள்ளை ஒன்பதையும் ஒவ்வொன்றாகவே எண்ணியது, ஏன்?” என்பதே கேள்வி. பின்பு பாடத்தைத் திருத்தி வேறொருவர் வேறு வகுப்பில் நடத்துவதும் உண்டு.

இனி அதிபர்களுக்கு ஒரு வார்த்தை. நியூசிலாந்தைச் சேர்ந்த விவியன் றொபின்சனும் துணைவரும் 2008 இல் பல ஆய்வுகளை ஒருங்கு தொகுத்து, தலைமைத்துவத்தின் ஐந்து கூறுகளை ஒப்பிட்டனர். ஆசிரியரின் கல்வியை ஊக்கி, அதிலே அதிபர் தாமும் பங்குபற்றுவதற்கும் மாணவர் பேற்றுக்குமுள்ள தொடர்பு, மற்ற எந்தக் கூறையும்விட ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. கருத்தரங்கைத் தொடக்கிவைத்துக் கந்தோருக்குத் திரும்பிவிடும் அதிபர் இக்கணக்கிற் சேரார். ஆகவே, முதற் பாடத்தை அதிபரே நடத்தட்டும், ஆசிரியர்கள் பார்க்கட்டும். குறிப்பெடுத்த கடதாசி எவருடைய கோவைக்கும் போகாது என்று அன்றே வாக்குக் கொடுக்கட்டும். இவ்விரண்டும் இல்லாமல் தொடங்கினால், வித்தியாதரிசியே மறுவேடத்தில் வந்தார் என்றுதான் ஆசிரியர் எண்ணுவர். அவரைக் குறை சொல்ல முடியாது.

நாலைந்து ஆசிரியரே உள்ள கிராமப் பாடசாலையில், மூவர் ஒரு வகுப்பைப் பார்க்கப் போனால் ஏனைய வகுப்புகளை யார் பார்ப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இவ்விடத்திலேதான் சங்கத்து வாலிபரிடம் ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு முற்பகல், ஒரு மணித்தியாலம், அதிபரின் அனுமதியோடு இருவர் சென்று கதை வாசிக்கலாம்; தேவாரம் பண்ணோடு பாடுவிக்கலாம். அருகிலுள்ள ஒரு பாடசாலையோடு அடுத்த தவணை தொடங்கலாம். எந்தப் பாடம், எந்த நாள் என்பதை அங்குள்ள ஆசிரியர்களே சொல்லட்டும். வரக்கூடியவர்கள் இன்றே காரியதரிசியிடம் பெயர் கொடுங்கள்.