நான்கு முறை விரித்த கை



பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய உறவினரைப் பார்க்கப் போகிறோம். கையில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும். அவர் கட்டிலில் சாய்ந்திருக்கிறார், வலது கை மடியில் அப்படியே கிடக்கிறது. "என்ன மாமா, என்னைத் தெரியுதா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போடுகிறோம். அவர் வாயைத் திறக்கிறார். "அது... அது..." அதற்கு மேல் வரவில்லை. உடனே அத்தை பக்கம் திரும்பி, "சாப்பிடுறாரா? ஆள் அடையாளம் தெரியுதா?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறோம், அவரை எதிரிலேயே வைத்துக்கொண்டு.

அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். நாம் யார் என்பதும் தெரியும். போன வருஷம் நாம் வாங்கிய கைமாற்றுகூட நினைவில் இருக்கலாம். கைவிட்டுப் போனது சொல்தான். மருத்துவர்கள் இதை அஃபேசியா என்பார்கள், தமிழில் பேச்சிழப்பு.

1861 ஏப்ரலில், பாரிஸை ஒட்டிய பிசெத்ர் மருத்துவமனையில், பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவரிடம் ஒரு நோயாளியைக் கொண்டுவந்தார்கள். பெயர் லெபோர்ன், வயது 51. வலது கால் அழுகிப்போயிருந்தது. பல வருஷங்களாகவே அவருக்குப் பேச்சு கிடையாது. எதைக் கேட்டாலும் 'டான், டான்' என்ற ஒரே ஓசைதான். மருத்துவமனையில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

"இங்கே வந்து எத்தனை வருஷம் ஆச்சு?" என்று புரோக்கா கேட்டார். லெபோர்ன் கையை விரித்து மூடினார். நான்கு முறை. பிறகு ஒரு விரலை நீட்டினார். நாலைந்து இருபது, அதோடு ஒன்று. 21 வருஷம் என்பது சரியான கணக்கு! மறுநாள் அதே கேள்வியைக் கேட்டபோதும் அதே விடை. மூன்றாவது முறை கேட்டதும், தன்னைச் சோதிக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கோபத்தில் ஒரு வசவு வெளியே வந்தது, பிசிறில்லாமல், முழுதாக. சில நாளில் அவர் இறந்துபோனார். மூளையைப் பரிசோதித்தபோது இடப்பக்கத்தின் முன்பகுதி சிதைந்திருந்தது. அந்த இடத்துக்கு இன்று புரோக்கா பகுதி என்றே பெயர்.

நம்மில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு மொழியின் இருப்பிடம் மூளையின் இடப்பக்கம்தான். உடம்பின் வலப்பாதியை இயக்குவதும் அதே பக்கம். வலது கை, கால் விழுந்தவர்களுக்கு அடிக்கடி பேச்சும் சேர்ந்து போவது இதனால்தான்.

அப்படியானால் அந்த வசவு மட்டும் எப்படி வந்தது? யோசித்துக் கோத்துச் சொல்கிற பேச்சு வேறு, பழகிப்போய்த் தானாக ஓடுகிற பேச்சு வேறு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதும், கிழமைகளை வரிசையாகச் சொல்வதும், தினம் சொல்லும் பிரார்த்தனையும், பழைய பாட்டும் இரண்டாவது வகை. "தண்ணி" என்று கேட்க முடியாத மனிதர் கந்தசஷ்டி கவசத்தை மடமடவென்று சொல்லுவார். வீட்டில் சந்தேகம் வந்துவிடும், "வேணும்னே பேசாம இருக்காரோ?" என்று. பாவம், அவர் நடிக்கவில்லை. பாட்டு வருகிறது என்பதையே பிடித்துக்கொண்டு, 1973-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு பயிற்சிமுறையை வகுத்தார்கள். இடது கையால் தாளம் தட்டி, "தண்ணி வேணும்" என்பது போன்ற சிறு வாக்கியத்தை ராகம் போட்டு இழுத்துச் சொல்ல வைப்பார்கள். பிறகு ராகத்தை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு வருவார்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது. புரிதல் நன்றாக இருந்து, சொல் மட்டும் சிக்குகிறவர்களுக்கு உதவும்.

"பேச வராட்டி எழுதிக் காட்டட்டுமே" என்று நோட்டும் பேனாவும் கொடுப்பவர்கள் உண்டு. நாக்கின், உதட்டின் தசை தளர்ந்து வாய் குழறுகிறவர் எழுதிவிடுவார். பேச்சிழப்பு வந்தவருக்கு எழுத்தும் சேர்ந்தே தடுமாறும். அவரிடம் பேனாவைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பார்ப்பது ஒரு சித்திரவதை.

சொல் சிக்குகிற இந்தப் பேச்சிழப்புக்கு நேர் எதிரான வகையும் இருக்கிறது. ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே 1874-இல், தமது 26-ஆம் வயதில் இதைப் பற்றி எழுதினார். இந்த வகை வந்தவர்களுக்குப் பேச்சு தடையில்லாமல் கொட்டும், ஆனால் பொருள் இருக்காது. அடுத்தவர் பேசுவதும் சரியாகப் புரியாது. தான் தவறாகப் பேசுகிறோம் என்பதும் பல நேரம் தெரியாது. கை கால் விழாமலே இது வரலாம் என்பதுதான் ஆபத்து. காலையில் நன்றாக எழுந்தவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து, மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். போக வேண்டியது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. இதுவும் பக்கவாதமாக இருக்கலாம்; ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் டிவியை அணையுங்கள். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசாதீர்கள். கத்த வேண்டாம், சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். "காபியா, டீயா, இல்ல ஹார்லிக்ஸ் போடவா?" என்று அடுக்காமல் இரண்டு டம்ளரைக் கண் முன்னால் காட்டுங்கள். ஆமாம் என்பதற்கு இல்லை என்றும், இல்லை என்பதற்கு ஆமாம் என்றும் வாய் மாறி வரும். நம் ஊர்த் தலையாட்டலோ நல்ல நாளிலேயே யாருக்கும் புரியாது! கட்டைவிரலை உயர்த்து, தாழ்த்து என்று பழக்குங்கள். அவர் ஒரு சொல்லைத் தேடும்போது பொறுத்திருங்கள். நமக்கு யுகமாகத் தெரியும், கடிகாரத்தில் பார்த்தால் அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"பேச்சு வருமா டாக்டர்?" என்பதற்கு ஒரே பதில் கிடையாது. முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதோடு கதவு மூடிவிடுவதில்லை; வருஷங்கள் கழித்தும் புதுச் சொற்கள் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். பிஸியோதெரபிக்கு ஆட்டோ பிடித்துப் போகும் குடும்பங்கள் பேச்சுப் பயிற்சியை விட்டுவிடுகின்றன, அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டுப்பாருங்கள். மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமும் இருக்கிறது.

பேச்சு நிரந்தரமாகத் திரும்பாவிட்டால் ஊனச் சான்றிதழ் கேட்க உரிமை உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு அவற்றில் ஒன்று. "ஆள் நல்லா நடந்து வர்றாரே, இவருக்கு எதுக்கு சான்றிதழ்?" என்று யாராவது கேட்டால், அஃபேசியா என்ற சொல்லே அந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள்.