மொட்டை மாடியில் ஒரு கம்பி

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நம் குடியிருப்பு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் என் விண்ணப்பத்தை ஒத்திவைத்தீர்கள். அதற்குப் பிறகு, "மாடியில் டவர் வைக்கப் போறாராம்" என்ற பேச்சு மாடிப்படியில் என் காதிலேயே விழுந்தது. டவர் இல்லைங்க. இருபது மீட்டர் நீளத்தில் ஒரு செம்புக் கம்பி, அவ்வளவுதான். அதை விளக்கச் செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்.

ஹாம் ரேடியோ என்பது பொழுதுபோக்குதான். ஆனால் மத்திய அரசு நடத்தும் தேர்வை எழுதி, உரிமம் வாங்கித்தான் பேச முடியும். 12 வயது ஆன பிள்ளைகளும் எழுதலாம். ராஜீவ் காந்திகூட உரிமம் பெற்ற ஹாம்தான். வியாபாரப் பேச்சுக்கு இதில் இடமில்லை.

எனக்கு இது ஏன் வேண்டும்? 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் மாவட்டத்தில் கரண்ட் கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. கரண்ட் இல்லாவிட்டால் செல்போன் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. 2004 சுனாமியின்போது பாரதி பிரசாத் என்ற ஹாம் அம்மா போர்ட் பிளேரில் இருந்தார். டெலிபோன் அறுந்துபோன தீவிலிருந்து ரேடியோ வழியாகத்தான் பலருடைய வீட்டுக்குச் சேதி போனது. என்னிடம் இருக்கும் செட் ஒரு கார் பேட்டரியில் ஓடும். அதற்கு ஆண்டெனா ஒன்றுதான் பாக்கி.

எந்த ஆண்டெனா என்பதில்தான் பல மாதம் மண்டையைக் குடைந்தேன். மீன்முள் மாதிரிப் பெரிய ஆண்டெனாவை டவர்மேல் ஏற்றினால் அமெரிக்கா வரை பேசலாம். ஆசைதான், ஆனால் இங்கே சரிப்படாது. பத்து மீட்டர் அலுமினியக் குழாயை நட்டமாக நிறுத்தலாம். இன்னொரு தானே வந்தால் அது யார் வீட்டு ஜன்னலில் விழும் என்று சொல்ல முடியாது. பால்கனியிலேயே வைக்கும் ஒரு மீட்டர் வளையமும் இருக்கிறது. மாடி கிடைக்காதவர்களுக்கு அதுதான் வழி. ஆனால் அதன் கெப்பாசிட்டரில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பும். குழந்தைகள் ஓடியாடும் பால்கனியில் அதை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

மிஞ்சியது இந்தக் கம்பி. கணக்கு சுலபம். 142.5 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் நீளம் வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 20 மீட்டர். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் நடுப்பகுதி, இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர்.

உயரம் இல்லையே என்று முதலில் வருத்தப்பட்டேன். பிறகுதான் உறைத்தது. தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு மீட்டரில் கட்டிய கம்பியிலிருந்து இந்த அலை பெரும்பாலும் வானத்தை நோக்கி நேராகப் போகும். அயனி மண்டலத்தில் பட்டு மழை மாதிரி திரும்பிச் சுற்றுவட்டாரத்திலேயே இறங்கும். பகல் நேரத்தில் சென்னை, திருச்சி, மதுரை எல்லாம் அதற்குள் அடங்கும். புயல் அன்றைக்கு நான் பேச வேண்டியது அமெரிக்காவோடா, சென்னையோடா? உங்களுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று பெருமை பேச வழியில்லை. எனக்கு வேண்டியதே இந்தத் தாழ்வான கம்பிதான்.

கம்பியின் முனைகளில் இன்சுலேட்டர் வேண்டும். பீங்கானைப் பற்றி விருத்தாசலத்தில் நான் பாடம் எடுக்கக் கூடாது. கரண்ட் கம்பத்தின் ஸ்டே கம்பியில் முட்டை வடிவில் ஒரு பீங்கான் தொங்குமே, அதன் சின்ன உருவம்தான் இது. இரண்டு கம்பிகளும் ஒன்றின் வளையத்துக்குள் ஒன்றாகக் கோத்திருக்கும். பீங்கான் உடைந்தாலும் கம்பி கீழே விழாது, ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் இன்சுலேட்டர் மலிவு, ஆனால் நம் வெயிலில் நொறுங்கிவிடும்.

இனி உங்கள் பயங்கள். நான் பேசும்போது அந்தக் கம்பியைத் தொட்டால் சுடும், அது உண்மை. அதுவும் முனைகளில்தான் வோல்டேஜ் அதிகம். அதனால் மாடித் தரையிலிருந்து எட்டடிக்குக் கீழே எந்த இடமும் வராது. வத்தல் காயப்போடலாம், வேட்டி உலர்த்தலாம். என் பவர் அதிகபட்சம் 50 வாட், அதுவும் பேசும்போது மட்டும். இடி இடித்தால் கேபிளைக் கழற்றி வைத்துவிடுவேன், எர்த்தும் தனியாகப் போடுகிறேன். தெருவில் போகும் கரண்ட் கம்பிக்கு எதிர்ப்பக்கம்தான் கட்டப்போகிறேன். அறுந்தாலும் அதுவரை எட்டாது.

டிவியில் கோடு விழுந்தால்? கேபிளை ஃபெரைட் வளையத்தில் சுற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவில்லையென்றால் சொல்லுங்கள், அன்றைக்கே நிறுத்துகிறேன். (உங்கள் மலிவு எல்இடி பல்புகள் என் ரேடியோவில் இரையும் இரைச்சலைப் பற்றி நான் இதுவரை புகார் கொடுக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.)

மொட்டை மாடி பொதுச் சொத்து, உரிமம் இருக்கிறது என்பதால் மட்டும் நான் அங்கே கட்ட முடியாது. அமெரிக்காவிலேகூட 1996 விதி ஒரு மீட்டர் டிவி டிஷ்ஷுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது, ஹாம் ஆண்டெனாவுக்குக் கொடுக்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன். ஆறு மாதத்துக்கு அனுமதி கொடுங்கள். சுவரில் துளை போட மாட்டேன், தொட்டித் தூணில் கட்டுவேன். வேண்டாம் என்று சங்கம் சொன்னால் ஒரு மணி நேரத்தில் அவிழ்த்துவிடலாம்.

இனி கேள்விகளைக் கேளுங்கள். இரண்டாம் மாடி அக்கா முதலில் கேட்கட்டும், என் கம்பி போகும் வழியில் இருப்பது அவங்க கொடிக்கயிறு.