நங்கூரம் போட்டவர்



கடலைப் பற்றி நம்மவர் எழுதியவற்றிலே புயல் உண்டு, பிரிவு உண்டு, கரையிலே காத்திருக்கும் பெண் உண்டு. காற்றே இல்லாத கடல்தான் அரிதாக வருகிறது. கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றை ஏவல் கொண்டு கலம் செலுத்தினான் என்று வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றின் 66ஆம் பாட்டிலே சொல்கிறார். செங்கை ஆழியான் நெடுந்தீவுக் கரையை வைத்து எழுதிய நாவலுக்கு ஒரு காற்றின் பெயரையே சூட்டினார். 1973இல் வெளிவந்த அந்த 'வாடைக்காற்று' 1978இல் திரைப்படமாகவும் வந்தது. காற்று வீசினால்தான் கதை நகரும் என்று எழுதுகிறவர்கள் நினைக்கிறார்கள் போலும். நான் இன்று சொல்லப்போவது சித்திரை மாதத்துக் கடலைப் பற்றி. வாடை ஓய்ந்துவிட்டது, சோளகம் இன்னும் எழும்பவில்லை. பாய் துணி உலர்த்தியது போலத் தொங்கும் காலம்.

நான் மண்டைதீவிலே பிறந்தவன். எங்கள் கரையில் நின்றால் எதிரே யாழ்ப்பாணக் கோட்டையும் குருநகர் யாகப்பர் கோயிலும் கண்ணுக்குத் தெரியும். இடையிலே உள்ள கடல் ஆழமில்லாதது. வேற்றூரார் அதைப் பார்த்து "குளம் மாதிரிக் கிடக்கிறதே" என்பார்கள். எங்கள் பக்கத்து வற்றுப் பெருக்கு ஒரு மீற்றர் உயரத்தையும் எட்டாதது என்பதும் உண்மைதான். ஆனால் பரந்து கிடக்கும் அத்தனை தண்ணீரும் ஒடுங்கிய வாய்களாலேயே உள்ளே வந்து வெளியே போக வேண்டியிருக்கிறது. பண்ணைப் பாலத்தின் கண்களுக்குள் தண்ணீர் பாய்வதை ஒரு தடவை நின்று பார்த்தவர்கள் பிறகு குளம் என்று சொல்லமாட்டார்கள்.

1969இல் எனக்குப் பன்னிரண்டு வயது. வருடப்பிறப்பை அடுத்து எங்கள் கரையிலே பாய் வள்ளம் ஓட்டிப் பார்க்கும் ஒரு பழக்கம் இருந்தது. பெரிய விழா என்று எண்ணிவிடாதீர்கள். ஏழெட்டுச் சிறு வள்ளங்கள், வள்ளத்துக்கு இரண்டு பேர், வென்றவருக்கு ஒரு வேட்டியும் கொஞ்சம் பணமும். நடுக்கடலில் நட்ட கம்பத்தைச் சுற்றிக்கொண்டு கரைக்குத் திரும்ப வேண்டும். மரக்கோல் ஊன்றக் கூடாது, சவள் வலிக்கக் கூடாது. இவ்வளவுதான் சட்டம்.

என் அம்மான் அந்த வருடம் என்னை அணியத்திலே இருத்திக்கொண்டு போனார். அவருக்கு அது வேட்டிக்கான ஓட்டமல்ல. முந்திய மாரியிலே அவருடைய வலை அறுந்து போயிற்று. வலைக்குக் கடன் கொடுக்க இருந்தவர், "இவன் கை ஓய்ந்த ஆள்" என்று யாரிடமோ சொல்லிவிட்டாராம். கரையிலே அந்தச் சொல் பரவினால் பிறகு ஒருவரும் பங்குக்குச் சேரார். இதெல்லாம் எனக்குப் பின்னாளில் அம்மா சொல்லித்தான் தெரியும். அன்று அவர் முகம் இறுகிக் கிடந்ததை மட்டும் கண்டேன்.

புறப்பட்டபோது வற்று ஓடிக்கொண்டிருந்தது. கம்பம் இருந்ததும் அந்தத் திசையிலேதான். எல்லா வள்ளங்களையும் தண்ணீரே கொண்டுபோயிற்று. பாய் எதற்கு என்றே தோன்றியது. எனக்கோ கன்னத்திலே மெல்லிய காற்று எதிரே வந்து படுவது போலிருந்தது. "அம்மான், காத்து வருகுது" என்றேன். அவர் சிரித்தார். "அது காத்தில்லை மருமோன். நீ போறாய், அதுதான் முகத்திலை படுகுது."

அந்த ஒரு சொல்லை விளங்கிக்கொள்ள எனக்கு வெகுகாலம் எடுத்தது. காற்று அசையாமல் நிற்க, தண்ணீர் வள்ளத்தைச் சுமந்து ஓடினால், வள்ளத்தில் இருப்பவனுக்கு எதிர்க்காற்று உண்டு. பின்னாலிருந்து மெல்லிய காற்று வீச, தண்ணீரும் அதே பக்கம் ஓடினால், இருக்கிற காற்றும் செத்துப்போகும். அதே காற்று, தண்ணீர் எதிர்த்து வரும்போது, பாயில் பலமாகப் பிடிக்கும். கரையில் நிற்கிறவன் காணும் காற்று வேறு, பாய் காணும் காற்று வேறு. நான் பின்னாளிலே ஆசிரியனாகிப் பிள்ளைகளுக்குச் சார்புவேகம் படிப்பித்தபோது கரும்பலகையில் வரைந்ததெல்லாம் அந்த வள்ளத்தைத்தான்.

கம்பத்தைச் சுற்றியதும் கூத்து ஆரம்பமாயிற்று. இப்போது தண்ணீர் எதிரே. காற்றோ ஒரு மூச்சு வந்து மறு மூச்சில் விழுகிறது. எங்களுக்கு முன்னே நாலு வள்ளங்கள். எல்லாரும் நேரே கரையைப் பார்த்துப் பாயைப் பிடித்தார்கள். அம்மான் ஓட்டம் குறைந்த களப்புப் பக்கமாக வள்ளத்தை ஒதுக்கினார். ஆழத்திலே ஓடுகிற தண்ணீருக்கு இருக்கும் வேகம் பரவைத் தண்ணீருக்கு இல்லை. அப்படி ஒதுங்கியும் ஒரு கட்டத்தில் காற்று அடியோடு விழுந்துவிட்டது.

அம்மான் பாயைப் பார்க்கவில்லை. கரையிலிருந்த ஒற்றைப் பனையையும் அதற்கு அப்பால் தெரிந்த கோயில் கோபுரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே கோட்டில் நின்றன. மெல்ல விலகத் தொடங்கின. நாங்கள் முன்னே போவது போல இருந்ததெல்லாம் தண்ணீர் எங்களைக் கடந்து ஓடிய மயக்கந்தான். உண்மையிலே பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

"கல்லைப் போடு" என்றார்.

நான் விழித்தேன். ஓட்டப்போட்டியிலே நங்கூரமா? "போடடா!" போட்டேன். ஓசைப்படாமல் இறக்கச் சொன்னார், மற்றவர்கள் காணக்கூடாதென்று. கயிறு விறைத்தது. வள்ளம் நின்றது. கன்னத்திலே பட்ட அந்தக் கொஞ்சக் காற்றும் நின்றுவிட்டது. முன்னே போன நாலு வள்ளங்களும் பாய் விரித்தபடியே, சுக்கான் பிடித்தவர்கள் நிமிர்ந்து இருந்தபடியே, ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் பின்னுக்குப் போயின. அதைப் போல ஒரு வேடிக்கையை நான் பிறகு கண்டதில்லை.

அரை மணித்தியாலம் சென்றிருக்கும். தண்ணீர்ப் பரப்பிலே கருமையாக ஒரு சுருக்கம் வந்தது. "இழு" என்றார். கல் உள்ளே வந்த கையோடு பாயும் நிரம்பியது.

கரையிலே வழக்கு எழுந்தது. நின்றவன் வென்றான் என்பது நியாயமா என்று கேட்டார்கள். அம்மான், "கோல் ஊண்டக் கூடாதெண்டு சொன்னனீங்கள், கல்லுப் போடக் கூடாதெண்டு சொல்லேல்லை" என்றார். வேட்டியை அவருக்கே கொடுத்தார்கள். பன்னாட்டுப் பாய்ப்படகுப் போட்டி விதிகளும் நங்கூரம் போடுவதை அனுமதிக்கின்றன, பிறகு அதை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்ற அளவில். அம்மான் அந்தப் புத்தகத்தைக் கண்டவரல்லர். கடனும் கிடைத்தது, வலையும் வந்தது.

2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கின் பாய்ப்படகுப் போட்டிகள் மார்செய் நகரக் கடலில் நடந்தபோது காற்று விழுந்து ஓட்டங்கள் தள்ளிப்போயின. சென்னைப் பெண் நேத்ரா குமணனும் அங்கே ஓடியவர். உலகத்தின் தேர்ந்த ஓட்டிகள் எல்லாரும் காற்றுக்காகக் குந்தியிருந்த செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தச் சித்திரைதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் அந்தக் கல்லை நான் மறக்காததற்குக் காரணம் வேட்டியல்ல.

1986 ஜூன் 10இல் மண்டைதீவுக் கடலிலே தொழிலுக்குப் போன குருநகர்த் தொழிலாளர் 30 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரைப் பழைய கண்ணால் பார்க்க எங்களால் முடியவில்லை. 1990 ஆகஸ்டில் தீவுப்பகுதி படையினர் வசமானபோது ஊர் முழுவதும் எழும்பியது. நாங்கள் ஒன்பது பேர் இரவிலே அம்மானின் வள்ளத்தில் ஏறினோம். எரிபொருள் இல்லை, இருந்தாலும் இயந்திரத்தை முடுக்கியிருக்க மாட்டோம். நடு ஓட்டத்துக்கு வந்தபோது காற்று விழுந்தது. கோல் நிலத்தை எட்டவில்லை. வற்று எங்களை வெளிக்கடல் பக்கம் இழுக்கத் தொடங்கியது. அங்கே யார் இருப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அக்கா தன் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அம்மானுக்கு அப்போது எழுபது இருக்கும். ஒன்றும் பேசவில்லை. கயிற்றிலே சாக்கைச் சுற்றி, கல்லைத் தானே இறக்கினார். தண்ணீர் திரும்பும்வரை ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் அப்படியே கிடந்தோம். பிறகு பெருக்கு எங்களைக் கொண்டுபோய் விட்டது. அவர் ஊருக்குத் திரும்பாமலே இடம்பெயர்ந்த வீட்டில் 1994இல் காலமானார்.

2022இல் மண்ணெண்ணெய் கிடையாமல் படகுகள் கரையேறிக் கிடந்த நாட்களிலே என்னிடம் படித்த ஒரு பொடியன் வந்தான். தறப்பாளை வெட்டிப் பாய் தைத்திருந்தான். "சேர், உங்களுக்குப் பாய் ஓடத் தெரியுமாமே?" என்றான். தெரிந்தது பாதிதான். அதைச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் நடுக்கடலிலிருந்து கைத்தொலைபேசியில் கூப்பிட்டான்.

"சேர், காத்து விழுந்திட்டுது. ஆனா முன்னுக்குத்தான் போறன் போலக் கிடக்குது."

"பனையையும் கோபுரத்தையும் பார். விலகுதோ?"

"எந்தப் பனை, சேர்?"

அந்தப் பனை யுத்த காலத்திலே தறிபட்டுப் போனதை நான் மறந்துவிட்டேன். வேறு எதைக் காட்டுவது என்று சட்டென்று தோன்றவில்லை. "கல்லு இருக்குதோ?" என்று கேட்டேன். இருக்கு என்றான். சிறிது நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அது தண்ணீரிலே விழுந்த ஓசை கேட்டது.