மரம் வீழாமல் கிடைக்கும் சாயம்

ரேணிகுண்டா சந்திப்பில் இறங்குவோர் சேஷாசல மலையை நோக்கிக் கைகூப்புவர். அம்மலை ஒரு சாயக் களஞ்சியம் என்பதை நினைப்பவர் சிலரே. அங்கு வளரும் செம்மரத்தின் வைரக்கட்டையில் செஞ்சாயம் உண்டு. ஆனால், அதைப் பெற மரத்தையே வீழ்த்த வேண்டும். அதன் விளைவான கடத்தலும் வழக்குகளும் அலுவலர்கள் நன்கறிந்தவை.

காயிலிருந்தே செந்நிறம் தரும் குறுமரம் ஒன்றுண்டு. தெலுங்கில் ஜாப்ரா, தமிழில் சாப்பிரா. தாயகம் அமெரிக்க வெப்பமண்டலம். 1753-இல் லின்னேயஸ் இதற்குப் 'பிக்ஸா ஒரெல்லானா' எனப் பெயரிட்டார். 1541-42-இல் அமேசான் ஆற்றின் வழியே கடலை அடைந்த ஒரெல்லானாவின் நினைவு அதில் நிற்கிறது. இதய வடிவக் காய்கள் மென்முள் போர்த்து, செக்கச் சிவந்து, கொத்துக் கொத்தாக நிற்கும். முற்றியபின் இரண்டாகப் பிளக்கும். உள்ளே செந்நிறப் பூச்சுடைய சிறு விதைகள்.

இவ்வழகே இதற்கு இடையூறாயிற்று எனலாம். பூங்காக்களில் அலங்காரத்துக்கென நட்டு, காய்களை மரத்திலேயே காயவிடுவோர் பலர். விதைப் பூச்சில் உள்ள பிக்ஸின் எண்ணெயில் கரையும். காரத்துடன் சேர்த்தால் நீரில் கரையும் நார்பிக்ஸின் ஆகும். வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் உலகெங்கும் நிறமூட்டுவது இதுவே. இந்திய உணவு விதிகளும் இதனை அனுமதிக்கின்றன.

ரோடமின்-பி கலந்த பஞ்சுமிட்டாயைத் தமிழ்நாடு அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்தது. அந்த இளஞ்சிவப்பைச் சாப்பிரா தராது. மஞ்சள் முதல் செம்மஞ்சள் வரையே அதன் எல்லை. ஆயினும், தடைசெய்யப்பட்ட மெட்டானில் மஞ்சளைத் திருட்டுத்தனமாகச் சேர்க்கும் இனிப்புகளுக்கு இது தக்க மாற்று. துணிக்கு அவ்வளவு ஏற்றதன்று, வெயிலில் வெளுத்துவிடும். அருகிலுள்ள காளஹஸ்தியின் கலம்காரிக் கலைஞர்கள் இதனை நம்ப இயலாது.

ஒளியால் கெடும் இக்குணமே உழவர் வருவாயையும் தொடுகிறது. பிக்ஸின் அளவைக் கொண்டே விதைக்கு விலை. காய்களைப் பல நாள் கடும் வெயிலில் பரப்பிவைத்தால் நிறம் குன்றும், விலை இறங்கும், உழவர் மரத்தைப் பிடுங்கி எறிவர். நிழலில் உலர்த்தி, கோலால் தட்டி, புடைத்து, ஒளிபுகாச் சாக்கில் கட்டுவது பெரிய செலவன்று. கால்நடைகள் இதனை விரும்பி மேய்வதில்லை என்பதால் வயலோர வேலியாகவும் நிற்கும். நட்ட முதற் கோடையில் மட்டும் நீர் தேவை. விதைக்குச் சில ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டும். கன்றுகளை வழங்கும் அலுவலகம், விதையை எடுத்துக்கொள்ளும் இடத்தையும் அன்றே காட்டினால், உழவர் அதுவரை பொறுத்திருப்பர்.