சங்கமும் குடியாட்சியும்
(கிளியூரில் கூடிய சங்கப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குடியாட்சி வந்த பின்னர் சாதிச் சங்கத்திற்கு வேலை யாது என நம் இளைஞர் சிலர் வினவுகின்றனர். வினா நியாயமானதே.

1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் சொத்தோ படிப்போ உடையவர்க்கே பெரும்பாலும் வாக்குரிமை இருந்தது. 1952-இல் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் அனைவர்க்கும் அது கிட்டியது. கிட்டிய உரிமையைக் கையாளக் கற்பிப்பார் யார்? நம் மலையடிவாரத்துச் சேலத்திலும் தென்னாற்காட்டிலும் வன்னியகுல க்ஷத்திரிய சங்கத்தார் அவ்வேலையை ஏற்றனர். மகாநாடு கூட்டியும் விண்ணப்பம் வரைந்தும் நெடுநாள் பழகியவர் அவர்கள். ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், வடாற்காடு செங்கற்பட்டுப் பகுதியில் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் பெற்றன. 375 அங்கத்தினர் கொண்ட சென்னைச் சட்டசபையில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. ஆகவே இவர்தம் ஆதரவுக்குப் பெருமதிப்பு உண்டாயிற்று. நாயக்கர் 1952-இல் ராஜாஜியின் மந்திரி சபையிலும், படையாட்சியார் 1954-இல் காமராஜரின் மந்திரி சபையிலும் அமர்ந்தனர். கட்சிகள் கலைந்தன.

ஏர் பிடித்த மக்களின் குரல் கோட்டைக்குள் புகுந்தது சிறிய காரியமன்று. எனினும், கட்சியைக் கலைக்குமுன் வாக்களித்த குடியானவனின் சம்மதம் கேட்கப்பட்டதா? பிறரைக் குறைகூற இதனைச் சொன்னோமில்லை. நம்மை நோக்கியே கேட்கிறோம்.

சேர்வராயன் மலையில் ஊர்க்கவுண்டரும் பட்டக்காரரும் வழக்குத் தீர்த்த காலம் உண்டு. இன்று ஏற்காடு பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. ஆயினும் அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பிரதேசம் தமிழ்நாட்டில் எங்கும் இல்லாமையால், அத்தகைய பிரதேசங்களின் கிராம சபைகளுக்கு 1996-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த அதிகாரம் இம்மலைக்கு எட்டவில்லை. நமக்கு உள்ளது 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். அதன்படி நில உரிமைக் கோரிக்கையை முதலில் ஆராய்வது கிராம சபையே. அச்சபையில் எழுந்து பேசும் பழக்கம் எங்கிருந்து வரும்? நம் சங்கத்திலிருந்தன்றோ வரவேண்டும்!

ஆனால் சென்ற இருமுறையும் நம் நிர்வாகிகள் வாக்கெடுப்பின்றியே அமர்ந்தனர். "ஏகமனதாக" என்று நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிவைத்தோம். பின்வரிசைத் தாய்மார்களை ஒருவரும் கேட்கவில்லை; எழுதிய கை எம்முடையதே. வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்படவில்லை.

ஆதலின் இன்று முதலில் கணக்கு வாசிக்கப்படும், ஐயமுள்ளோர் கேட்கலாம். பிறகு இரகசிய வாக்கெடுப்பு. எழுதத் தெரியாதவர்க்காகச் சின்னம் பொறித்த சீட்டுகள் தயாராயுள்ளன. பெட்டி மேஜைமீது இருக்கிறது.